எங்கள் ஊற்று எந்த வரைபடத்திலும் இல்லை



கடலோரத் தலித்துகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "கடற்கரையில் மீனவர்கள்தானே இருக்கிறார்கள்?" வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் வரை பேருந்தில் போய்ப் பாருங்கள். அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் எத்தனையோ சேரிகள் இருக்கின்றன. நாங்கள் கடலுக்குள் போவதில்லை. ஆனால் எங்கள் பிழைப்பு கடலோரத்தில்தான். நடவு, அறுப்பு, உப்பள வேலை, மீன் சுமை, ஓடையில் நண்டு. எங்களிடம் படகு இல்லை, வலை இல்லை, நிலப் பட்டாவும் இல்லை. அதனால் எந்தக் கணக்கிலும் நாங்கள் இல்லை.

இந்தக் "கணக்கில் இல்லை" என்பதற்கு என்ன பொருள் என்று எனக்கு முதலில் புரிந்தது சாரணர் வகுப்பில். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

சாரணர் இயக்கம் நமக்காகத் தொடங்கப்பட்டது அல்ல. பேடன் பவல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1907இல் பிரவுன்சீ தீவில் அவர் முதல் முகாம் நடத்தினார். இந்தியாவுக்கு வந்தபோது அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இந்தியப் பிள்ளைகளுக்காக 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தனி அமைப்பு தொடங்கினார். இப்படிப் பிரிந்து கிடந்தவை ஒன்றுசேர்ந்து பாரத சாரண சாரணியர் இயக்கமானது 1950இல். அது எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு வந்து, நான் எட்டாம் வகுப்பில் அதில் சேர்ந்தது 1980களின் கடைசியில்.

சாரணர்கள் இடது கையால் கைகுலுக்க வேண்டும். அது விதி. சேரிப் பையனின் கையை ஊர்த்தெருப் பையன் தொட்டாக வேண்டும். தொட்டார்கள். சிலர் தொட்டுவிட்டுக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். ஒரு சாரணன் இன்னொரு சாரணனுக்குச் சகோதரன் என்று காலையில் உறுதிமொழி சொல்வோம். மதியம் முகாமில் வேலை பிரிப்பார்கள். விறகு பொறுக்கவும் கழிவறைக் குழி வெட்டவும் எங்கள் பெயர் இருக்கும். சமையல் பக்கம் ஒருநாளும் இருக்காது. யாரும் சாதிப் பெயர் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் எங்கே வருகிறது என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஆனால் அந்த வகுப்பு கொடுத்த ஒரு பயிற்சியை நான் இன்றுவரை விடவில்லை. அது நிலத்தைப் படிப்பது. காலடித் தடம் பார்ப்பது, தடியை வைத்து மரத்தின் உயரம் கணக்கிடுவது, நடையை எண்ணித் தூரம் அளப்பது, திசைகாட்டி வைத்து வரைபடம் போடுவது. சாரணர் என்ற தமிழ்ச் சொல்லுக்கே ஒற்றர் என்று ஒரு பொருள் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளியிலிருந்து கடல் வரை வரைபடம் போடச் சொன்னார் எங்கள் ஆசிரியர். எங்கள் அணியில் ஊர்த்தெருப் பையன்கள், மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன், சேரியிலிருந்து இரண்டு பேர். நான்கு சனிக்கிழமை நடந்தோம். சாரணர் குறிகளில் "இங்கே குடிநீர்" என்பதற்கு ஒரு குறி உண்டு. ஊர்த்தெருப் பையன்கள் அதைக் கோயில் பக்கத்துக் கிணற்றில் போட்டார்கள். நாங்கள் இருவரும் வாய்க்கால் கரை ஊற்றில் போட்டோம். "ஏன்டா ரெண்டு இடத்துல?" என்றார் ஆசிரியர். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தவர், "ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

அந்தத் தாளில் என்னவெல்லாம் இருந்தன என்று எழுதி வைக்கிறேன். எங்கள் பெண்கள் தண்ணீர் மொண்ட மணல் ஊற்று. மாடு மேயும் திடல். உமரிக்கீரை பறிக்கும் உவர்நிலம். நண்டு பிடிக்கும் ஓடை. தாழைப் புதர். சுடுகாட்டுக்குப் போகும் வரப்பு. சேரியிலிருந்து குப்பத்துக்கு மீன் வாங்கப் போகும் ஒற்றையடிப் பாதை. இதே இடம் அரசுப் பதிவேட்டில் புறம்போக்கு, தரிசு என்ற இரண்டே சொற்களில் முடிந்துவிடும்.

1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தன. தரிசுதானே என்று வந்தார்கள். நெல் விளைந்த வயலையும் வாங்கினார்கள். விற்றவர்களுக்குப் பணம் கிடைத்தது. அந்த வயலில் நடவு நட்ட எங்கள் அம்மா, அத்தைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூலி போவதற்கு நஷ்டஈடு என்று ஒன்று கிடையாது. குளங்களுக்குள் கடல்நீரை இறைத்தார்கள். கழிவை வாய்க்காலில் விட்டார்கள். உப்பு மண்ணுக்குள் இறங்கியது. முள்வேலி போட்டதும் ஓடைக்கும் திடலுக்கும் வழி அடைந்தது. இரண்டே ஆண்டில் எங்கள் ஊற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. "வயலும் போச்சு, வாய்த் தண்ணியும் போச்சு" என்பார் அம்மா. அதன் பிறகுதான் எங்கள் தெருப் பிள்ளைகள் திருப்பூருக்குப் பேருந்து ஏற ஆரம்பித்தார்கள்.

இதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைப் பெண்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், பாழாக்கியவர்களே ஈடு கொடுக்க வேண்டும், வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளருக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றது. நாங்கள் தெருவில் பறையடித்துக் கொண்டாடினோம். அடுத்த சில ஆண்டுகளில் தீர்ப்பு அப்படியே கிடக்க, 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. 2023இல் திருத்தம் கொண்டுவந்து அதை இன்னும் அகலமாக்கியது.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். எங்கள் ஊற்றுக்காக அந்தச் சட்டத்தை எடுத்தபோது எதிரே வந்த கேள்வி, "நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தியதற்கு என்ன ஆதாரம்?" கிராம வரைபடத்தில் ஊற்று இல்லை. ஊராட்சிப் பதிவேட்டில் இல்லை. இருந்தது ஒரே ஒரு சாரணர் தாளில். அதைக் கரையான் தின்று பல வருடம் ஆகியிருந்தது. பதிவு இல்லாத ஊற்று இல்லாத ஊற்றாகிவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பங்கள் இழந்ததை யாராலும் ஈடு செய்ய முடியாது. மீனவ மக்கள் நமக்கு எதிரிகள் அல்லர், அவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள். ஆனால் நிவாரணப் பட்டியல் படகையும் வலையையும் எண்ணியது. பயிர் நஷ்டம் நிலம் வைத்திருந்தவருக்குப் போனது. உப்பேறிய வயலில் இனி வேலை கிடைக்காத கூலிக்காரரை எந்தப் பத்தியில் எழுதுவது? முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை அப்போதே பல மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பிணங்களை அள்ளியவர்கள் பிற நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் நம் மக்கள். போதிய கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்தார்கள். சேவைக்குச் சாரணர்களுக்குச் சின்னம் உண்டு. இவர்கள் சட்டையில் யாரும் எதையும் குத்தவில்லை.

2018 நவம்பர் 16 கஜா புயலிலும் அதே கதைதான். விழுந்த தென்னைக்கு மரக்கணக்கில் நிவாரணம் வந்தது. தென்னந்தோப்பில் காய் பறித்தவருக்கும் மட்டை முடைந்த பெண்ணுக்கும் எந்த மரத்தில் பங்கு?

இன்னொரு வரைபடமும் இருக்கிறது. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவு மீது 2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்பு நடந்தது. மீனவக் கிராமங்களும் படகு நிறுத்துமிடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர் அமைப்புகள் எழுந்து நின்று சண்டை போட்டன. நியாயமான சண்டை. நம் சேரியின் ஊற்றும் சுடுகாட்டுப் பாதையும் விடுபட்டதைச் சொல்ல அங்கே எத்தனை பேர் போனோம்? 2011 கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை "மீனவச் சமூகங்கள், பிற உள்ளூர்ச் சமூகங்கள்" இருவரின் வாழ்வாதாரத்தையும் பாதுகாப்பதாகச் சொன்னது. அந்தப் "பிற" என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோம். உள்ளே இருக்கிறோம் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

அதனால் கடலோர மாவட்டங்களில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சில வேலைகள் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரை நடந்து பாருங்கள். வயதான பெண்களை உடன் அழைத்துப் போங்கள். எந்த ஓடையில் எந்த மாதம் நண்டு, எந்த ஊற்று எந்த வருடம் உப்பானது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் கைப்பேசியில் தேதியோடு படம் எடுங்கள். வரைபடத்தில் இல்லாததைப் புதிய தாளில் வரையுங்கள். பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால், அது ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று எழுதிக் கேளுங்கள். கிராம சபையில் அந்தத் தாளை வைத்துத் தீர்மானம் போடுங்கள். குப்பத்துத் தோழர்கள் தங்கள் பகுதியை வரையும்போது நீங்களும் போய் உட்காருங்கள். இரண்டு தாளும் சேர்ந்தால்தான் அது முழுக் கடற்கரை.

மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஊரில், ஒன்று அமைப்பில், ஒன்று மாவட்ட ஆட்சியரிடம். ஆட்சியர் அலுவலகத்தில் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஜெய்பீம்.