வெட்டச் சொன்ன மரம்

அழகர்கோவில் பக்கம் வளர்ந்தவனுக்குக் குளிர்னா மார்கழிக் காலை மட்டும்தான். பதினொன்னாம் வகுப்புல அப்பாவுக்கு மாற்றல் வந்து, 2,100 மீட்டர் உயரத்துல இருக்கிற கொடைக்கானலுக்குப் போனோம். பேச ஆள் கிடையாது. வீட்டுக்குப் பின்னாடி ஒரு பிளம்ஸ் மரம். டிசம்பரில் அதில் ஒரு இலைகூட இல்லை. "பட்டுப்போச்சுப்பா, வெட்டிடலாம்" என்றேன். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் தடுத்தார்: "தூங்குது தம்பி, விடு."

பிப்ரவரியில் கிளை முழுக்க வெள்ளைப் பூ! அதைக் காட்டத்தான் முதல்முறையா கிளாஸ் பசங்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: பிளம்ஸ், பேரி, ஆப்பிளுக்கெல்லாம் போதுமான நேரம் குளிர் பட்டால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். நான் தினமும் திட்டிய குளிருக்குத்தான் அந்த மரம் காத்திருந்திருக்கு.

மே மாசம் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு அழகர்கோவில் போனேன். பாதியைக் குரங்கு பிடுங்கிக்கிச்சு. மீதியை அப்பத்தா உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பழமுதிர்சோலை நாவப்பழத்துக்கு இது அண்ணன்டா" என்றார்.

ஹாஸ்டலில் ஊர் ஞாபகத்தோடு படுத்திருக்கும் முதலாம் ஆண்டு நண்பா, பட்டுப்போச்சுன்னு இப்பவே முடிவு கட்டாதே. பிப்ரவரி வரைக்கும் பொறு.