வழிக்காத நாக்கு

காலையில் நாக்கு வழித்தீர்களா என்று கேட்டார் அந்தச் சீன வைத்தியரம்மா. வழித்தேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் முகம் வாடிவிட்டது.

தென்காசிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? பல் துலக்க மறந்தாலும் மறப்போம், நாக்கு வழிக்காமல் காப்பி தொண்டையில் இறங்காது. சிங்கப்பூருக்கு வந்து 22 வருடமாகிறது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் காசி விஸ்வநாதர் கோவில் பக்கத்துக் கடையில் எவர்சில்வர் நாக்கு வழிப்பான் இரண்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வேன். ஆச்சி காலத்தில் அதுவும் கிடையாது. தென்னை ஈர்க்கை இரண்டாகக் கிழித்து, வளைத்து வழிப்பார்கள். ஆகாத பொருளைப் பார்த்து ‘இத வச்சு நாக்கு வழிக்கவா’ என்று கேட்கிற ஊர் எங்கள் ஊர்.

வயிறு உப்புசம், ராத்தூக்கம் இல்லை. பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். சரியாக இல்லை என்று வயிறு சொன்னது. கூட வேலை பார்க்கும் சீன நண்பர்தான் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த இந்தக் கிளினிக்குக்கு அனுப்பினார். மூலிகை வாசம், சுவரில் பதிவுச் சான்றிதழ். சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய இங்கே 2000-இல் சட்டம் போட்டார்கள். மருந்து நெடியும் சான்றிதழும் ஒரே அறையில் இருப்பது எனக்குப் புதிது.

“நாக்கைத் துடைத்துவிட்டு வந்தால் நான் எதைப் பார்ப்பது?” என்று சிரித்தபடி திருப்பி அனுப்பினார். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். வழிக்கக் கூடாது, கோப்பி குடிக்கக் கூடாது. கோப்பிக்கறையும் மஞ்சள்கறையும் நாக்கின் நிறத்தை மறைத்துவிடுமாம்.

அந்த நாள் காலையில் வாய் எனக்கே அந்நியமாக இருந்தது. வைத்தியர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, நாக்கைத் தளர்வாக நீட்டச் சொன்னார். நாலைந்து நொடிதான், உடனே உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நீட்டிப் பிடித்தால் ரத்தம் தேங்கி நிறம் மாறிவிடுமாம். அப்புறம் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து என்னையே பார்க்கவைத்தார். ஓரம் முழுக்கப் பல் பதிந்த பள்ளங்கள், அப்பளத்தின் விளிம்பு மாதிரி. நடுவில் மாவு அப்பியது போல வெள்ளை. நுனி மட்டும் சிவப்பு. ஐம்பது வயதில் முதன்முறையாக என் நாக்கை நான் பார்த்தேன்.

நுனி இதயத்துக்கு, அதற்கடுத்த பகுதி நுரையீரலுக்கு, ஓரங்கள் கல்லீரலுக்கு, நடு மண்ணீரலுக்கும் இரைப்பைக்கும், அடி சிறுநீரகத்துக்கு. இதுதான் அவர்கள் கணக்கு. மண்ணீரல் என்றால் நாம் அறிந்த உறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செரிமானச் சக்திக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அது தளர்ந்தால் நாக்கு தடித்துப் பல்லில் படியும், உடம்பில் ஈரம் சேர்ந்தால் மேலே மாப்படியும், நுனி சிவந்தால் தூக்கம் கெடும் என்றார். நான் தூக்கத்தைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை.

இது இன்று நேற்று வந்த வித்தையுமில்லை. ஆவோ என்பவரின் 12 நாக்குப் படங்களோடு இன்னும் 24 சேர்த்து, தூ சிங்பி என்பவர் 36 படங்களுள்ள நூலை 1341-இல் வெளியிட்டார். எல்லாம் காய்ச்சல் கண்டவர்களின் நாக்குகள்.

காய்ச்சல் என்றதும் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. சிறுவயதில், சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவியில் ஆட்டம் போட்டுவிட்டு வந்து படுத்தால், மறுநாள் விடியும் முன்னே ஆச்சி குரல் கேட்கும். “ஏல, நாக்க வழிச்சிராத. வைத்தியரய்யா பாக்கணும்லா.” இலஞ்சிப் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பார் வைத்தியர். மூன்று விரலால் கையைப் பிடிப்பார், கண்ணின் கீழ்இமையை இழுப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். “வெளுத்துத் தடிச்சிருக்கு, கபம்” என்று தேனில் குழைத்த திப்பிலிப் பொடியைத் தருவார். சிங்கப்பூர் வைத்தியரம்மா சொன்னதைத்தான் ஆச்சி அன்றைக்கே அடுப்படியிலிருந்து சொல்லியிருக்கிறாள். நான்தான் வழிப்பானைப் பெட்டியில் கொண்டுவந்தேன், வழிக்காதே என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டேன்.

நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். சித்த மருத்துவம் இதை எண்வகைத் தேர்வு என்கிறது. வாதம் மிஞ்சினால் நாக்கு கறுத்து வெடிக்கும், பித்தத்தில் மஞ்சள் அல்லது சிவப்பாகும், கபத்தில் வெளுத்துத் தடிக்கும். சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு நோயறிந்த சித்தர் தேரையரையும் அவர் குரு அகத்தியரையும் எங்கள் பக்கத்து மலையோடு சேர்த்தே பேசுவார்கள். தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில் இருக்கிற தோரணமலைதான் அவர்கள் வைத்தியம் பார்த்த இடம் என்பது நம்பிக்கை. அருவிக்கரையிலேயே குடியிருக்கும் குற்றாலநாதருக்குச் சளி பிடிக்காமல் இருக்கச் சுக்கும் மிளகும் சேர்த்த கஷாயத்தை நைவேத்தியமாக வைக்கிற ஊர்ப்பக்கம் எங்களுடையது.

போன ஜூலையில் ஊருக்குப் போனேன். குற்றாலம் கடைத்தெருவில் ரம்புட்டான், மங்குஸ்தான், துரியான். சிங்கப்பூர் ஈரச்சந்தையில் நிற்பது போலவே இருந்தது. இங்கே சீனக் கிழவி துரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி என்பாள். அங்கே பழக்காரம்மா அதையே சொன்னாள். எண்ணெய் மசாஜ் கடைகளில் கூட்டம் நெரிந்தது. இலஞ்சித் திண்ணை மட்டும் இல்லை, அந்த இடத்தில் செல்போன் கடை.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த ஓர் இளம் மருத்துவரைப் பார்த்தேன். 1964-இல் தொடங்கிய கல்லூரி. அங்கே நோயாளிக் குறிப்புத் தாளில் எட்டுத் தேர்வுக்கும் தனித்தனி இடம் உண்டு என்றார். பிறகு அலுத்துக்கொண்டார்: “யாரு சார் நாக்க நீட்டுதாங்க? எல்லாரும் ரிப்போர்ட்டத்தான் நீட்டுதாங்க.”

ரிப்போர்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாக்கைப் பல சீன வைத்தியர்களிடம் காட்டினால் ஒரே பதில் வருவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நுனி இதயத்தைக் காட்டும் என்பதற்கு உடற்கூற்றியலில் ஆதாரமும் இல்லை. ஆனால் நாக்கு பொய் சொல்லும் உறுப்பும் அல்ல. தோல் மெல்லியது, ரத்தம் மேலாக ஓடுகிறது. சோகையில் வெளுக்கும், பி12 குறைந்தால் வழவழவென்று சிவக்கும், நீர் வற்றினால் காயும். மேலே படிவது உதிர்ந்த செல்களும் கிருமிகளும் உணவுத்துணுக்கும்தான். காய்ச்சலில் மெல்லுவதும் குறைந்து எச்சிலும் குறைவதால் அது தடித்துப்போகிறது. ஆங்கில வைத்தியரும் இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

எனக்குக் குணமானதா என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தேன். சாயந்தரக் கோப்பியையும் அவர் நிறுத்தச் சொல்லியிருந்தார். தூக்கம் வந்தது. பொடியால் வந்ததா, கோப்பி போனதால் வந்ததா என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

நாக்கில் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு மூன்று வாரம் ஆறாமல் இருந்தால், வெற்றிலை புகையிலை போடுகிறவர்கள் முக்கியமாக, சீனமும் வேண்டாம் சித்தமும் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற நாட்களில் தாராளமாக வழியுங்கள், நானும் வழிக்கிறேன். அதற்கு முன் கண்ணாடியில் ஒரு தடவை நீட்டிப் பாருங்கள். வழித்த பிறகு பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.