நெய் அளப்பவர்கள்

திறமூல மென்பொருளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'கொடை' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள், நாம் எடுத்துப் பயன்படுத்துகிறோம், முடிந்தால் நாமும் நாலு வரி நிரல் எழுதித் திருப்பிக் கொடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வருகிற வரிகளைப் படித்து, சரிபார்த்து, உள்ளே சேர்த்து, அதற்குப் பிறகு பல வருடங்கள் அவற்றைக் கட்டிக்காப்பவர். மெயின்டெய்னர் என்பார்கள். கொடை என்ற சொல்லில் அவருக்கு இடமே இல்லை. 11 வரி நிரலை ஒரு பேக்கேஜுக்குள் சேர்க்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அந்தக் கதையைச் சொன்னால் அவர் யார் என்பது ஓரளவு விளங்கும்.

அந்தப் பேக்கேஜ் செய்வது மிகச் சிறிய வேலை. ஒரு நீளமான வாக்கியத்தைக் கொடுத்து '16 எழுத்துக்குள் சுருக்கு' என்றால், 15 எழுத்தை வைத்துக்கொண்டு கடைசியில் முப்புள்ளி போட்டுத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. இந்த மாதிரிச் சில்லறை வேலைகளை யாரும் புதிதாக எழுதுவதில்லை, இருப்பதை இறக்கிக்கொள்வார்கள். என் சித்தப்பா மகன் நடத்தும் மருந்துக்கடையின் பில்லிங் மென்பொருளிலும் அது இருந்தது. மாத்திரைக் கவரில் ஒட்டும் லேபிளைத் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வயசானவர்கள். சோதனைக்கு அடித்த லேபிள்களைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, முன்னையும் காணோம், பின்னையும் காணோம். வெறும் சாப்பாட்டுக்குன்னு மட்டும் நிக்குது. மாத்திரையச் சோத்தோட பிசைஞ்சா சாப்பிடச் சொல்ல?"

சிரித்தாலும் விஷயம் சிரிப்பில்லை. வயிற்றுப்புண் மாத்திரைகளில் சிலதைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும். வலி மாத்திரைகளில் பலதைப் பின்னால்தான் போட வேண்டும். லேபிளின் வேலையே அந்த ஒரு சொல்தான். அதுதான் வெட்டுப்பட்டிருந்தது.

காரணம் எளிது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய கட்டத்தில் இருப்பது 128 இடங்கள். நம்முடைய 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கிடையாது. 'க' ஓர் எண், புள்ளி இன்னோர் எண், 'கி'யில் மேலே போடும் கொக்கி மற்றோர் எண். 'தமிழ்' நமக்கு 3 எழுத்து, கணினிக்கு 5. 'சாப்பாட்டுக்கு' என்பது 7 எழுத்து, கணினிக்கு 14. 'முன்' சேர்த்தால் இடைவெளியோடு 19, 'ப் பின்' சேர்த்தால் 21. ஆங்கிலத்தில் 'பிஃபோர் ஃபுட்' 11 இடத்தில் அடங்கிவிடும். நாமும் எழுத்தெழுத்தாக எண்ணினால் முன்னுக்கு 10, பின்னுக்கு 11. தாராளமாக அடங்கும். பேக்கேஜ் எண்ணியது எழுத்தை இல்லை, எண்ணை. அதனால் ஒரு லேபிளில் 'சாப்பாட்டுக்கு …' என்றும் இன்னொன்றில் 'சாப்பாட்டுக்குப…' என்றும் வந்தது.

கடைக்கு அன்று சாயங்காலமே வழி செய்தாகிவிட்டது. சுருக்காதே, இரண்டு வரியாக அடி என்று மாற்றினோம். ஆனால் அதே பேக்கேஜ் இன்னும் எத்தனையோ இடங்களில் இந்தியையும் வங்காளத்தையும் சிங்களத்தையும் நடுவில் வெட்டிக்கொண்டிருக்கும். மூலத்திலேயே சரிசெய்வோம் என்று உட்கார்ந்தேன்.

வழிமுறை தெரிந்ததுதான். பேக்கேஜின் நிரலை நமக்கென்று ஒரு பிரதி எடுத்து, தனிக் கிளையில் மாற்றி, மாற்றம் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் சோதனைகளையும் எழுதி, 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பிக்க வேண்டும். புல் ரெக்வெஸ்ட். எந்தக் குறி முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும் என்று இந்திய எழுத்துமுறைகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன். ஏறத்தாழ 400 வரி. சோதனைகள் எல்லாம் பச்சை டிக். அனுப்பினேன்.

ஏழு வாரம் பதில் இல்லை. இடையில் முன்பின் தெரியாத மூன்று பேர் என் விண்ணப்பத்தின் கீழ் வந்து எழுதினார்கள். 'எனக்கும் இது வேண்டும்.' 'எப்போது சேர்ப்பீர்கள்?' 'இந்தத் திட்டத்தை யாராவது பார்க்கிறீர்களா, இல்லை செத்துவிட்டதா?' எனக்காகப் பேசுகிறார்கள் என்று முதலில் இதமாகத்தான் இருந்தது. பிறகு மெயின்டெய்னரின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். திறந்தபடி 140க்கும் மேல் விண்ணப்பங்கள், புகார்கள். பார்ப்பதற்கு ஒரே ஓர் ஆள். ஐரோப்பாவில் எங்கோ இருக்கிறார், பகலில் வேறு வேலை.

ஒரு ஞாயிறு நள்ளிரவில் பதில் வந்தது. மூன்று கேள்விகள். ஒன்று: வெறும் ஆங்கில வாக்கியம் வந்தால் இது எவ்வளவு மெதுவாகும்? இரண்டு: 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாமே, இரண்டுக்கும் ஒரே விடை வருமா? தமிழில் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாத மனிதர் இதைக் கேட்டதில் அசந்துபோனேன். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. என் சோதனைகளை அவர் வரிவரியாகப் படித்திருக்கிறார். மூன்றாவது கேள்விதான் பெரியது. யூனிகோடு திரும்பத் திரும்பப் புதுப் பதிப்பு வெளியிடும். இந்த அட்டவணையை அப்போதெல்லாம் யார் திருத்துவது? இந்த எழுத்துகளை எனக்குப் படிக்கத் தெரியாது. உடைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், உடைந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட என்னால் முடியாது.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது சோழர் காலத்துக் கல்வெட்டு. கோயிலில் அணையாமல் ஒரு விளக்கெரிய ஆடு கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்ற கணக்கைப் பார்க்கலாம். அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழமாகாத ஆடு. ஆடு சாகாதா என்ன? செத்தால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பி வைக்க வேண்டும் என்று அர்த்தம். நிரப்ப வேண்டியவர் கொடுத்தவர் இல்லை, ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர். கல்வெட்டு கொடுத்தவரின் பேரோடு நிற்பதில்லை. இடையரின் பேரையும் சொல்கிறது. கொடை ஒரு நாளில் முடிந்துவிடும், நெய் அளப்பது முடியாது என்பது அந்தக் கல்லை வெட்டச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அனுப்பியது 400 ஆடு. அவற்றை மேய்க்கச் சொன்னது, அந்த ஆட்டைக் கண்ணால் பார்த்தேயிராத ஒருவரை.

எண்ணிக்கைக்காகக் கொடுக்கிற கொடை எப்படிப் பாரமாகும் என்பதற்கு 2020 அக்டோபர் நல்ல உதாரணம். 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்ற வருடாந்திர நிகழ்வில் அப்போது நாலு புல் ரெக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் கொடுத்தார்கள். அந்த வருடம் ஒரு சொல்லை மாற்றி, ஒரு காற்புள்ளியைச் சேர்த்து ஏராளமானவர்கள் அனுப்பித் தள்ளினார்கள். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து பார்த்து மூட வேண்டும். கடைசியில் விருப்பம் தெரிவிக்கும் திட்டங்களுக்கு மட்டும்தான் என்று விதியையே மாற்றினார்கள்.

2024இல் நடந்தது அதைவிடப் பெரிது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்ஸெட்' என்ற கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. அதை லாஸ்ஸே காலின் என்பவர் பல வருடங்களாகக் கிட்டத்தட்டத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் சில புதுப் பெயர்கள் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நெருக்க ஆரம்பித்தன. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் 2021 முதலே நல்ல நல்ல பேட்சுகளாக அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் பொறுப்பில் பங்கு கிடைத்தது. 2024 தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு கள்ளக்கதவு ஒளிந்திருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவப் போய்த்தான் அதைக் கண்டுபிடித்தார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார்.

எல்லோரும் அந்த அரை நொடியைப் பேசினார்கள். எனக்கு 2022இன் அந்த நெருக்கல்தான் உறுத்தியது. என் விண்ணப்பத்தின் கீழ் எழுதிய மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை; அவசரக்காரர்கள், அவ்வளவுதான். ஆனால் களைத்துப்போன ஒருவரின் காதில் இரண்டு குரலும் ஒரே மாதிரிதான் விழும். 'எனக்கு ஒரு அவசரமும் இல்லை, உங்களுக்கு முடிகிறபோது பாருங்கள்' என்று அவர்களுக்குக் கீழே எழுதினேன்.

பிறகு இருவரும் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் 'செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே வந்திருக்கிறது. குரோமில் முன்பே இருந்தது; 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸுக்கும் வந்தது. அதைக் கூப்பிட்டால் போதும். அட்டவணையைப் புதுப்பிக்கும் வேலை உலாவி செய்கிறவர்களுடையது. 400 வரி 11 ஆனது. சோதனைகளைத்தான் கூட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் எளிய ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: புள்ளி எங்கே இருக்க வேண்டும், கொம்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று. தமிழ் தெரியாதவரும் படத்தை ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூடவே, இந்திய எழுத்துகள் பற்றிய புகார் எது வந்தாலும் எனக்குத் திருப்பிவிடுங்கள் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

சேர்த்த மூன்றாம் வாரம் முதல் புகார் வந்தது. 'லக்ஷ்மி'யைச் சுருக்கினால் 'லக்…' என்று வருகிறது, 'க்ஷ' ஓரெழுத்து இல்லையா? யூனிகோடின் விதிப்படி தமிழில் அது இரண்டு. தேவநாகரி போன்ற சிலவற்றில் கூட்டெழுத்தைப் பிரிக்காதே என்று 2023இல் விதி வந்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. அப்படியே சேர்த்திருந்தால் 'ப்பா', 'ட்டு' எல்லாமே ஓரெழுத்தாகிவிடும். இதை விளக்கி எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது என் உழக்கு நெய்.

இப்போது சனிக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரம் அந்தப் பட்டியலைத் திறந்து உட்காருகிறேன். போன வாரம் ஒரு மாணவர் கெமர் எழுத்துக்காக 200 வரி அனுப்பியிருந்தார். நல்ல சுத்தமான நிரல். எனக்கு அதில் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது. சோதனைகளை இரண்டு தடவை படித்தேன். நன்றி சொல்லி, இரண்டு சின்னத் திருத்தம் எழுதி, கீழே மூன்றாவதாக ஒன்றையும் கேட்டிருக்கிறேன்: அடுத்த வருடம் இதை யார் பார்த்துக்கொள்வது? நீங்கள் இருப்பீர்களா?