கரும்பலகை முன் மூன்று சிறுமிகள்

படிக்கிற பிள்ளைகளை ஓவியத்தில் பார்த்தால் மனசு அமைதியாகும் என்பார்கள். எந்தப் பிள்ளைகள் என்பதைப் பொறுத்தது அது, தோழர்களே.

அம்ரிதா ஷெர்கில் தென்னிந்தியப் பயணத்தில் கன்னியாகுமரி வரை வந்து போனவர். ஊர் திரும்பி, 1937இல் ‘பிரம்மச்சாரிகள்’ ஓவியத்தை வரைந்தார். வெள்ளை வேட்டியில் ஐந்து மாணவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் படிக்கிறவர்கள் என்று சொல்ல மார்பில் கிடக்கும் பூணூலே போதும். அழகான ஓவியம்தான். ஆனால் படிப்பைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர்களின் அமைதி அது.

ஜேக்கப் லாரன்ஸ் என்ற கருப்பின அமெரிக்க ஓவியர் 1941இல், தமது 23ஆம் வயதில், 60 ஓவியங்கள் கொண்ட ஒரு வரிசையை முடித்தார். தென் மாநிலங்களின் நிறவெறியிலிருந்து வடக்கே இடம்பெயர்ந்த தம் மக்களின் கதை. அதில் 58ஆவது படத்தில் மூன்று சிறுமிகள் கையை உயர்த்திக் கரும்பலகையில் எண்களை எழுதுகிறார்கள். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும்.

என் பள்ளிக்கூட நினைவும் முதுகுகள்தான். பேட்டையில் அம்மா பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தாள். வகுப்பில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசை. பலகையைத் துடைக்கக் கூப்பிடுவார்கள், கணக்குப் போடக் கூப்பிட மாட்டார்கள். லாரன்ஸின் படமும் பார்க்கிறவரைக் கடைசி வரிசையில்தான் உட்கார வைக்கிறது. ஆனால் அங்கே பலகையில் எழுதுவது ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். அதனால்தான் அந்தப் படம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

அந்த இடத்துக்குப் போக நம் பிள்ளைகள் இன்றும் ரத்தம் சிந்துகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்தத் தம்பி பிழைத்து வந்து, 2024இல் பிளஸ் டூ தேர்ச்சி பெற்றான். இதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

சின்ன விஷயமாகத் தோன்றலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், அது சின்ன விஷயமில்லை என்று. உங்கள் ஊர்ப் பள்ளியில் யார் எங்கே உட்காருகிறார்கள், பலகையில் எழுத யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். தலைமையாசிரியரிடம் பேச அந்தத் தாள் வேண்டும்.

ஜெய் பீம்.