கிரிவலத்தில் போன் தொலைந்தால் மெயில் திறக்குமா?

பௌர்ணமி இரவு, திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம். வேட்டி மடிப்பில் செருகிய போன் இந்திர லிங்கத்தில் இருந்தது, குபேர லிங்கத்தில் இல்லை. ஊர் திரும்பும் டிக்கெட் மெயிலில் இருக்கிறது. இனி?

1996-ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கிய காலத்தில் பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தால் போதும். எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் மெயில் திறக்கும். இன்று பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும், ஓ.டி.பி. தொலைந்த போனுக்கே போகும்!

ஜிமெயிலில் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்கள், கிளம்பும் முன்பே 'பேக்கப் கோடு' எடுத்துவிடலாம். மொத்தம் 10, ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி லாட்ஜ் அறைப் பையில் வையுங்கள். பாஸ்வேர்டை அதே காகிதத்தில் எழுத வேண்டாம். சென்டரில் 2011 விதிப்படி அடையாள அட்டை கேட்பார்கள். டிக்கெட்டை பிரின்ட் எடுத்ததும் லாக் அவுட் செய்துவிட்டே எழுந்திருங்கள்.