மூக்குக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே ஆபரேஷன்: எவ்வளவு ஆகும்?

"டாக்டர், மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டீங்க. அப்படியே வெளிய தெரியற கோணலையும் நிமித்திக்கலாமா? சேர்த்துப் பண்ணா எவ்வளவு ஆகும்?"

வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்கிற கேள்வி இது. கேட்கும்போது குரல் இறங்கிடும். மூச்சுக்காக ஆபரேஷன்னா தைரியமா பேசறவங்க, அழகுன்னு வந்ததும் யாராவது கேட்டுட்டாங்களான்னு கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாங்க. இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லீங்க.

ஆனா இந்தக் கேள்விக்கு நான் பிராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசுல சொன்ன பதில் வேற, இப்ப சொல்ற பதில் வேற. நடுவுல ஒருத்தர் என் பழைய பதிலுக்குக் காசு கொடுத்தார். அதையும் சேர்த்துத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

முதல்ல மூக்கைப் பத்தி ரெண்டு வார்த்தை. மூக்கோட ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு. அதுக்குப் பேர் செப்டம். முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. நீங்க "தண்டு வளைஞ்சிருக்கு"ன்னு சொல்றது இதைத்தான். இந்தச் சுவரை நிமித்தறது செப்டோபிளாஸ்டி. வெளித்தோற்றத்தை மாத்தறது ரைனோபிளாஸ்டி. ரெண்டும் ஒண்ணா நடந்தா செப்டோரைனோபிளாஸ்டி.

இப்ப முக்கியமான விஷயம். வெளிமூக்கைச் சரிபண்ண பல நேரம் சின்னச் சின்னக் குருத்தெலும்புத் துண்டுகள் வேணும். முட்டுக் கொடுக்க, அகலப்படுத்த, நுனியைத் தாங்க. அதை எங்கிருந்து எடுப்போம்? அதே செப்டத்துல இருந்துதான். நேரா, தட்டையா, உறுதியா இருக்கும். அதே வெட்டு வழியா எடுத்துடலாம். அது இல்லன்னா காது, அதுவும் போதலைன்னா விலா எலும்புப் பக்கத்துக் குருத்தெலும்பு.

வீடு கட்டறவங்களுக்குப் புரியும். கைக்கு எட்டற இடத்துல இருக்கிற நல்ல பலகையை, வேண்டாம்னு நினைச்சு வெட்டிக் குப்பையில போட்டுட்டு, ரெண்டு வருஷம் கழிச்சுப் பலகை தேடற கதை. நான் அதைப் பண்ணியிருக்கேன்.

வங்கியில வேலை பார்த்த ஒரு தம்பி. இடது பக்கம் அடைப்பு, மூக்கு வெளியிலயும் வலது பக்கம் சாய்ஞ்சிருக்கும். ரெண்டையும் பண்ணணும்னு வந்தார். நான் பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன்: "தம்பி, இப்ப உள்ள மட்டும் பண்ணிக்கோங்க. இன்சூரன்ஸ் கொடுத்துடும். வெளிய பண்றதைக் கையில காசு சேர்ந்ததும் பார்த்துக்கலாம்." அவருக்கும் சந்தோஷம். ஆபரேஷன் ஆச்சு, மூச்சு வந்துச்சு, கைக்காசு பெருசா செலவாகலை.

வளைஞ்ச குருத்தெலும்பைத் தாராளமா எடுத்தேன். மேல்விளிம்புலயும் முன்விளிம்புலயும் ஒரு சென்டிமீட்டராவது விட்டுவைக்கணும், இல்லன்னா மூக்கே அமுங்கிடும். அதை விட்டேன். மத்தது போயிடுச்சு. ஆபரேஷன் நோட்ஸ்ல நாலு வரி. எவ்வளவு எடுத்தேன், எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஒரு வார்த்தை இல்லை.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்தத் தம்பி சென்னையில ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட வெளிமூக்குக்குப் போனார். அந்த சர்ஜன் எனக்குக் காலேஜ் சீனியர். தியேட்டர்ல இருந்து வெளிய வந்ததும் எனக்குத்தான் போன். "என்னப்பா, உள்ள ஒண்ணுமே மிச்சம் வைக்கலையே. நோட்ஸ்லயும் எழுதலையே." காதுல இருந்து எடுக்கறதுக்கு மட்டும்தான் அவர் அனுமதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். மயக்கத்துல இருக்கிறவர்கிட்ட விலாவுக்குக் கையெழுத்து கேட்க முடியாது. காதுக் குருத்தெலும்பு இயற்கையிலயே வளைவு. நேரா நிமித்த அதை வெச்சு என்ன முடியுமோ அதைப் பண்ணிட்டு மூடினார். 1,60,000 ரூபாய் செலவு. மூக்கு முக்கால்வாசி நிமிர்ந்துச்சு. விலாவுல இருந்து எடுத்து மறுபடி பண்ணலாம்னு சீனியர் சொன்னார். தம்பி, "போதும் சார்"னு சொல்லிட்டாராம்.

என்கிட்ட அவர் சண்டைக்கு வரலை. திரும்ப வரவே இல்லை.

அதுக்கப்புறம் 'சேர்த்தா, தனித்தனியா'ன்னு யாராவது கேட்டா, காசுக்கு முன்னாடி இன்னொண்ணு கேட்பேன்: வெளிமூக்கை எப்பவாவது தொடணும்னு மனசுல இருக்கா? இருக்குன்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னைக்கே பண்ணலைன்னாலும் பரவாயில்லை. உள்ள வேலை செய்யும்போது குருத்தெலும்பைச் சிக்கனமா எடுப்போம், எடுத்ததை நேராக்கி உள்ளயே திருப்பி வைக்க முடியும். தெரிஞ்சாதான் செய்ய முடியும்.

இன்னொரு சிக்கல். சில மூக்குல உள்ள, வெளியன்னு பிரிக்கவே முடியாது. செப்டத்தோட மேல்விளிம்பே வளைஞ்சிருந்தா, வெளிய திறக்காம உள்ள நிமிராது. மூக்கோட நடுப்பகுதி குறுகி, மூச்சை இழுக்கும்போது பக்கச்சுவர் உள்வாங்கினா, சுவருக்குப் பக்கத்துல ரெண்டு குருத்தெலும்புத் துண்டு வெச்சு அகலப்படுத்தணும். அதைப் பண்ணா வெளித்தோற்றமும் மாறும். கண்ணாடி முன்னாடி நின்னு, அடைச்ச பக்கத்துக் கன்னத்தை விரலால வெளிப்பக்கமா மெல்ல இழுத்துப் பாருங்க. சட்டுனு மூச்சு திறந்தா பிரச்சனை அந்த இடத்துலயும் இருக்கலாம். இது ஒரு குறிப்பு மட்டும்தான், நல்லா இருக்கிறவங்களுக்கும் கொஞ்சம் திறக்கும். அதை வெச்சு ஆபரேஷன் முடிவு பண்ணிடாதீங்க.

(நடுவுல ஒண்ணு. அலர்ஜி இருந்தா எந்த ஆபரேஷனும் அதைத் தீர்க்காது. ஸ்ப்ரேயை ஒழுங்கா ஒண்ணரை மாசம் அடிச்சும் அடைப்பு போகலைன்னாதான் கத்தியைப் பத்திப் பேசணும். "ஊசி போட்டே மூக்கை நேராக்கறோம்"னு விளம்பரம் வருதே, அது ஃபில்லர். மூச்சுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ரத்தக்குழாய்க்குள்ள போனா தோல் அழுகும், அபூர்வமா கண் பார்வையே போயிருக்கு.)

இப்ப காசுக்கு வருவோம். 2023ல திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு பொண்ணு, 26 வயசு, ஐடி வேலை. 14 வயசுல ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து மூக்கு உடைஞ்சிருக்கு. அப்ப கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. ராத்திரி வாயைத் திறந்துதான் தூக்கம். மூக்குத் தண்டுல ஒரு மேடு, ஒரு பக்கச் சாய்வு. அம்மா பக்கத்துல உட்கார்ந்து, "ஏனுங்க டாக்டர், அந்த நுனியையும் கொஞ்சம் சின்னது பண்ணிருங்க"ன்னாங்க. பொண்ணு முறைச்சா. ஆனா வேண்டாம்னு சொல்லலை.

நான் எஸ்டிமேட்டை ரெண்டாப் பிரிச்சேன். செப்டம், மூச்சுப்பாதை, உடைஞ்சு கோணலான எலும்பை நிமித்தறது, மயக்க மருந்து, தியேட்டர், ரெண்டு நாள் ரூம்: 82,000. மேடு, நுனி, இதுக்கான கூடுதல் நேரமும் கூடுதல் ஃபீஸும்: 48,000. இந்த ரெண்டாவது பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 8,640. மொத்தம் 1,38,640.

ஜிஎஸ்டி ஏன்னு நிறைய பேர் கேட்பாங்க. சிகிச்சைக்கு வரி கிடையாது. அழகுக்கான அறுவைச் சிகிச்சைக்கு உண்டு. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, அடிபட்டதுன்னு பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைக்கறதுன்னா அதுக்கு விலக்கு. அதனாலதான் உடைஞ்ச எலும்பை முதல் பகுதியில வெச்சோம். பில்லு மொத்தத்துக்கும் 18 போட்டிருந்தா, போட்டவங்களைக் கேளுங்க.

இதையே தனித்தனியா பண்ணியிருந்தா? உள்ள 82,000. ஒரு வருஷம் கழிச்சு வெளிய மட்டும், எங்க ஆஸ்பத்திரிக் கணக்குல 95,000, வரி 17,100. மொத்தம் 1,94,100. சேர்த்துப் பண்ணதுல 55,460 மிச்சம். ரெண்டாவது மயக்கம், ரெண்டாவது தியேட்டர், ரெண்டாவது தடவை லீவு, இதெல்லாம் இல்லாததால வந்த மிச்சம் அது. ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி எண்கள் மாறும். கணக்கு போடற விதம் மாறாது. அரசு மருத்துவக் கல்லூரிகள்ல இ.என்.டி. பிரிவுல செப்டம் ஆபரேஷன் தினமும் நடக்குது, அதையும் மறந்துடாதீங்க.

அப்பதான் அப்பா மெதுவா ஆரம்பிச்சார். "டாக்டர், எல்லாத்தையும் மூச்சுக்குன்னே எழுதிடுங்களேன். கம்பெனி இன்சூரன்ஸ்தானே, யாருக்கு நஷ்டம்?" நல்ல மனுஷன். லேத் பட்டறை வெச்சிருக்கார். அவர் கேட்டதுல எனக்குக் கோபம் வரலை. இப்படி எழுதிக் கொடுக்கிற டாக்டர்கள் இருக்காங்கன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முடியாதுன்னேன். மோசடி, பாலிசி கேன்சல் ஆகலாம், இதெல்லாம் சொன்னேன். தலையாட்டினார், மனசு மாறலை. அப்புறம் அந்த வங்கித் தம்பி கதையைச் சொன்னேன். ஆபரேஷன் நோட்ஸ்ங்கிறது இன்சூரன்ஸ்காரனுக்காக எழுதறது மட்டும் இல்லைங்க. நாளைக்கு உங்க பொண்ணு மூக்கை இன்னொரு டாக்டர் திறக்க வேண்டி வந்தா, உள்ள என்ன இருக்குன்னு அவருக்குச் சொல்ற ஒரே காகிதம் அது. நுனியில வெச்ச துண்டை நான் மறைச்சு எழுதினா, அவர் எதை நம்பி வெட்டுவார்? அப்பா பொண்ணைப் பார்த்தார். சரின்னார்.

நல்லவனா இருந்தா எல்லாம் நல்லா நடக்கும்னு நினைக்காதீங்க. எஸ்டிமேட்டை ரெண்டாப் பிரிச்ச நான், கேஷ்லெஸ் படிவத்துல ஒரே வார்த்தையா 'செப்டோரைனோபிளாஸ்டி'ன்னு எழுதிட்டேன். என் தப்புதான். சாயங்காலமே பதில் வந்துடுச்சு: அழகு சிகிச்சை, முழுசா நிராகரிப்பு. மறுநாள் காலையில ஆபரேஷன். 56,640 பொண்ணு சேர்த்து வெச்சிருந்தா. 82,000 இல்லை. அம்மா கையில இருந்த வளையல் ராத்திரியே அடகுக்கடைக்குப் போச்சு.

தள்ளிப் போடலாமேன்னு சொன்னேன். லீவு திரும்பக் கிடைக்காதுன்னு பொண்ணு சொல்லிட்டா. ஆபரேஷன் மூணரை மணி நேரம். செப்டத்துல எடுத்த துண்டுகளை மேல ரெண்டு பக்கமும் வெச்சேன், ஒண்ணு நுனிக்கு. மிச்சத்தை உள்ளயே திருப்பி வெச்சுத் தெச்சேன். நோட்ஸ் ஒண்ணரைப் பக்கம். எவ்வளவு எடுத்தது, எங்க வெச்சது, எவ்வளவு மிச்சம், படம் வரைஞ்சு.

அப்புறம் இன்சூரன்ஸோட மல்லுக்கட்டு. பாலிசி புத்தகத்துல விலக்குகள்னு ஒரு பகுதி இருக்கும். அதுல 08ன்னு எண் போட்டது அழகு சிகிச்சைக்கானது. தோற்றத்தை மாத்தற சிகிச்சைக்குப் பணம் கிடையாது. ஆனா விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புன்னா உண்டு. அந்த ஒரு வரியைத்தான் பிடிச்சோம். விபத்து நடந்ததுக்கு என்ன ஆதாரம்? 12 வருஷப் பழசு. அம்மா ரேஷன் கார்டு வெச்சிருக்கிற பிளாஸ்டிக் கவர்ல இருந்து, மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச ஒரு ஜி.ஹெச். ஓ.பி. சீட்டை எடுத்தாங்க. 2011, மூக்குல அடி, ரத்தக்கசிவு. அதோட சிடி ஸ்கேன், எண்டோஸ்கோபி படம், மூணு மாசம் ஸ்ப்ரே அடிச்ச சீட்டு, ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, பிரிச்ச பில், என்னோட கடிதம். அழகுக்கான 48,000ஐ நாங்க கேட்கவே இல்லைன்னு முதல் வரியிலயே எழுதினேன்.

நாலு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை மறுபடி நிராகரிச்சாங்க. கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம். அங்கேயும் நடக்கலைன்னா ஒரு மாசம் கழிச்சு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். அதுவரைக்கும் போக வேண்டி வரலை. கையுறை, பஞ்சு, அது இதுன்னு கழிச்சுக்கிட்டு 74,350 கொடுத்தாங்க. வளையல் திரும்ப வந்துச்சு. நாலு மாச அடகு வட்டி யார் கணக்குலயும் வராது. படிவத்துல ரெண்டு வரியா எழுதியிருந்தா அந்த வட்டி மிச்சம். இப்ப எங்க ஆஸ்பத்திரியில அந்தப் படிவத்தை நானே உட்கார்ந்து எழுதறேன். எழுதி முடிச்சதும் போன்ல போட்டோ எடுத்துக்கச் சொல்லிடறேன்.

சொந்தமா பாலிசி எடுத்தவங்க இன்னொண்ணு பாருங்க. நிறைய பாலிசியில செப்டம் ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும். எடுத்த மறு மாசமே போய் நிக்காதீங்க.

எல்லாருக்கும் சேர்த்துப் பண்ணலாம்னு நான் சொல்லலை. முக எலும்பு வளர்ந்து முடியாத பசங்களுக்கு வெளியக் கை வைக்க மாட்டேன். "மாமியார் சொன்னாங்க"ன்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்புவேன். கண்ணாடியில எனக்கே தெரியாத குறையை மணிக்கணக்கா காட்டறவங்ககிட்ட, கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடி வேற விஷயம் பேச வேண்டியிருக்கும்.

அந்தப் பொண்ணு ஆறாவது மாசம் செக்கப்புக்கு வந்தா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தாலும் மூச்சு வருதாம், வாயை மூடித் தூங்கறாளாம். அம்மா மட்டும் முகத்தைக் கிட்டக்கப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "நுனி இன்னும் கொஞ்சம் தடிப்பாத்தானுங்க இருக்குது."

வீக்கம் முழுசா இறங்க ஒரு வருஷம் ஆகும், தை மாசம் வந்து காட்டுங்கம்மான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.