பேரனுடன் ஒரு வேட்டைப் பிரயாணம்

தில்லியில் வசந்தகாலம் மிகவும் குறுகியது. குளிர் விடைபெற்று வெயில் வந்து சேருவதற்குள் கிடைக்கும் மூன்று நான்கு வாரங்களே இங்கே வசந்தம். இலவமரங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவந்த பூக்களோடு மாத்திரம் நிற்கும். அப்படிப்பட்ட மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பொழுது விடியுமுன்னே, ஆறு வயதுள்ள என் பேரனை அழைத்துக்கொண்டு வேட்டைக்குப் புறப்பட்டேன். யாரும் திடுக்கிட வேண்டாம். எங்கள் கையில் இருந்தவை ஒரு தண்ணீர்ப் பாட்டிலும், அவனுடைய பாட்டி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலமும் மாத்திரமே.

அமெரிக்காவில் வசிக்கும் என் தம்பி மகன் அனுப்பிய ஒரு புகைப்படமே இதற்குக் காரணம். அவனுடைய அயல்வீட்டுப் பெரியவர் ஒரு காட்டு வான்கோழியைத் தோளில் தொங்கவிட்டு நிற்கிறார். பக்கத்தில் அவருடைய சிறிய பேரன், முகமெல்லாம் சிரிப்பு. அந்த நாட்டில் வசந்தகாலத்தில் தாத்தாமார் பேரப்பிள்ளைகளை இப்படி அழைத்துச் செல்வது வழக்கமாம். இருட்டோடு காட்டுக்குள் போய், ஒரு மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டையைப்போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்கிறார்கள். பெட்டைகள் முட்டையிடும் பருவமாகையால், பெரும்பாலான மாநிலங்களில் அப்போது சேவலை மாத்திரமே சுட அனுமதி உண்டு. அடைகாக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரத்திலும் ஒரு கட்டளை இருக்கிறதல்லவா! கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அளவில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் அந்நாட்டில் காட்டு வான்கோழிகள் பல இடங்களில் அற்றேபோயின. பின்பு, மீதியிருந்தவற்றை உயிரோடு வலையில் பிடித்துப் புதிய இடங்களில் விட்டுப் பெருகச் செய்தார்கள்.

படத்தைப் பார்த்த நாள்முதல் பேரன் என்னை விடவில்லை. "தாத்தா, நாம் எப்போது போகிறோம்?" வான்கோழிக்கு உறவான மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை என்பதையும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது என்பதையும், 1991இல் வந்த திருத்தம் ஏறக்குறைய முழுவதுமாகவே கதவை அடைத்துவிட்டது என்பதையும் ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? ராஜாக்கள் வேட்டையாடிய இடத்தையாவது காட்டலாம் என்று முடிவுசெய்தேன்.

தில்ஷாத் கார்டனில் முதல் மெட்ரோ ரயில்களில் ஒன்றைப் பிடித்தோம். யமுனையைக் கடந்து, காஷ்மீரி கேட், தீஸ் ஹசாரி தாண்டி, புல் பங்கஷ் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஒரு மின்ரிக்‌ஷா எங்களை மேட்டுக்கு ஏற்றிச் சென்றது. தில்லிவாசிகள் 'ரிட்ஜ்' என்று சொல்லும் பாறை முகட்டின் வடகோடி அது. ஆரவல்லி மலைத்தொடர் தில்லிக்குள் வந்து முடிகிற இடம். இந்து ராவ் மருத்துவமனையில் வியாதியஸ்தரைக் காணப் பலமுறை இந்தச் சாலையில் போயிருக்கிறேன். அந்த வளாகத்துக்குள்ளேயே பீர் காயிப் என்னும் பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. 1351 முதல் 1388 வரை அரசாண்ட பெரோஸ் ஷா துக்ளக்கின் வேட்டை மாளிகையில் மிச்சமிருக்கும் பகுதி அது. வேட்டைப் பிரியரான அந்த சுல்தான் இதே முகட்டில் வேறு இடங்களிலும் வேட்டை விடுதிகள் கட்டினார்.

சாலையோரத்தில் ஒரு கல்தூண் உண்டு. "இது ராஜாவின் துப்பாக்கியா?" என்றான் பேரன். மீரட்டிலிருந்து அந்த சுல்தான் கொண்டுவந்து தம்முடைய வேட்டை மாளிகையில் நிறுத்திய அசோகர் தூண் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வெடிவிபத்தில் துண்டுதுண்டாகி, 1867இல் மறுபடியும் பொருத்தி நிறுத்தப்பட்டது. இதன் ஜோடியைத் தோப்ரா என்னும் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். அது இன்று பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிறது. அந்தத் தூணைச் சாய்க்கும்போது அடிபடாதிருக்க, அதைச் சுற்றிலும் இலவம்பஞ்சைக் குவித்து, மெத்தைமேல் படுக்கவைப்பதுபோல இறக்கினார்களாம். நாற்பத்திரண்டு சக்கரமுள்ள வண்டியில் ஏற்றி, பின்பு படகுகளில் யமுனை வழியாகக் கொண்டுவந்தார்கள். பேரனுக்குச் சக்கரங்களின் எண்ணிக்கை மிகவும் பிடித்துவிட்டது. எனக்கு வேறொன்று பிடித்தது. கோட்லா தூணில் உள்ள அசோகர் கட்டளைகளில் ஒன்று, இன்னின்ன உயிர்களைக் கொல்லக்கூடாது என்று கிளி, மைனா, சக்கரவாகம் முதலாக ஒரு பட்டியலே தருகிறது. சுல்தான் பண்டிதர்களை அழைத்துக் கேட்டும், எவராலும் அந்த எழுத்தை வாசிக்கக் கூடவில்லை. 1837இல்தான் ஜேம்ஸ் பிரின்செப் அதைப் படித்தறிந்தார். கொல்லாதே என்ற கட்டளையை அத்தனை பாடுபட்டுச் சுமந்துவந்தவர், அதன் ஜோடியை வேட்டை மாளிகையிலேயே நாட்டினார்!

தூணைவிட்டுக் காட்டுக்குள் போனோம். காடு என்றாலும் பெரும்பாலும் நம் ஊர்ச் சீமைக்கருவேல மரங்கள்தாம். குரங்குகளுக்குப் பயந்து இட்லிப் பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். ஒரு பாறைமேல் உட்கார்ந்தோம். ஆறு வயதுப் பிள்ளை அசையாமல் உட்காருவது எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நிமிஷம். பின்பு செருப்பைக் கழற்றினான், மாட்டினான், எறும்பைப் பார்த்தான், தண்ணீர் கேட்டான்.

அப்போது புதருக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. உரத்து, விட்டுவிட்டு, அவசரப்படுத்துகிற குரல். "தீத்தர்!" என்றான் பேரன், பள்ளிக்கூடத்தில் கற்ற இந்தியில். கௌதாரி என்று தமிழில் சொல்லிக்கொடுத்தேன். பின்பு, ஐம்பது வருஷமாகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அதே குரலில் பதில் கொடுத்தேன். புதர் ஒருகணம் மௌனமாயிற்று. மறுபடி கூவிற்று, இன்னும் அருகில். நான் மறுபடி கொடுத்தேன். நாலைந்து முறை ஆனதும், தொண்டையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடும், உடலெங்கும் வரிவரியான இறகுமாக, அது வெளியே ஓடிவந்து தலையை நிமிர்த்தி நின்றது. பத்தடி தூரம்கூட இல்லை. பேரன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் மூச்சே விடவில்லை.

அது புதருக்குள் திரும்பியபின் அவன் கேட்டான்: "உங்களுக்கு யார் தாத்தா சொல்லிக்கொடுத்தது?"

என் தாத்தாதான். சாத்தான்குளத்தை அடுத்த தேரிக்காட்டில், 1970களின் நடுவில். சட்டம் வந்திருந்தது, எங்கள் ஊரில் அதைப்பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. தாத்தாவிடம் ஒரு பார்வைக் கௌதாரி இருந்தது. பிடித்துப் பழக்கிய பறவைக்கு அந்தப் பெயர். கூண்டோடு அதை உடைமரத்தடியில் வைத்து, சுற்றிலும் கண்ணி போட்டுவிட்டு, நாங்கள் தூரத்தில் படுத்துக்கொள்வோம். அது கூவும். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று எண்ணி, காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் சிக்கும். பார்வைக் கௌதாரி கூவாத நாட்களில் தாத்தா கூவுவார், நானும் கூவுவேன். மாலையில் வீட்டில் கறிவாசனை வீசும். எனக்கு அது மிகவும் சந்தோஷமான காலம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

பேரன் இட்லியைத் தின்றுகொண்டே கேட்டிருந்தான். தாவீது தன்னைத் துரத்திய சவுலிடம், மலைகளில் வேட்டையாடப்படும் கௌதாரிக்குத் தன்னை ஒப்பிட்டுப் பேசிய கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் கேட்டான்:

"கூண்டில் இருந்த கௌதாரிக்கு அது தெரியுமா?"

"எது?"

"அது கூப்பிடுவதனால்தான் மற்றவை சாகின்றன என்று."

குரலினால் மனிதரை அழைப்பதையே முப்பது வருஷமாக வேலையாகக் கொண்டவன் நான். சட்டென்று ஒரு பதிலும் வரவில்லை. "தெரிந்திராது" என்றேன் கடைசியில். அவன் அதை நம்பினதாகத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. சாலையோர இலவமரத்தில் மைனாக்கள் கூட்டமாய்ப் பூக்களில் தேன் குடித்துக்கொண்டிருந்தன. விழுந்துகிடந்த பூவொன்றைப் பாட்டிக்கென்று எடுத்துக்கொண்டான். மெட்ரோவில் என் மடியில் சாய்ந்து, அரைத்தூக்கத்தில், அடுத்த சனிக்கிழமையும் வரலாமா என்று கேட்டான். வரலாம் என்றேன்.

"ஆனால் நீங்கள் கூப்பிடக் கூடாது, தாத்தா. அதுவாக வந்தால் பார்ப்போம்."